41-ம் நம்பர் கடிதம் வரவில்லை, 42 வந்துவிட்டது. தோழியிடம் போனில் கேட்கலாமா?

கரிசல்மீனா
11 ஜனவரி 2026, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இன்னும் கையால் கடிதம் எழுதுகிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள். அதனால்தான் இதை இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். என் தோழி கிரேட் நிக்கோபார் தீவில், கேம்ப்பெல் பேயில் நர்ஸாக இருக்கிறாள். நம் நாட்டின் தெற்குக் கோடியே அந்தத் தீவுதான், அதையும் தாண்டினால் சுமத்ரா. நாங்கள் இருவரும் விடுதியில் மூன்று வருஷம் ஒரே அறை. 2018-ல் அவளுக்கு அங்கே வேலை கிடைத்துப் போனாள். அப்போது போன் போட்டால் பாதி வார்த்தை கேட்கும், பாதி கேட்காது. வீடியோ என்ற பேச்சே இல்லை. சரி, எழுதிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தோம்.

2020 ஆகஸ்ட்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலுக்கு அடியில் கேபிள் போட்டு முடித்தார்கள். சுமார் 2,300 கிலோமீட்டர், கிரேட் நிக்கோபார் வரைக்கும் போகிறது. ஒருநாள் ராத்திரி அவள் வீடியோவில் வந்தாள். முன்நெற்றியில் நரைத்த முடிகூடத் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு பேரும் அழுதுவிட்டோம். அதற்கப்புறம் இரண்டு மாசம் கடிதமே இல்லை. தினம் பேசுகிறோமே, எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

அப்புறம் திடீரென்று அவளிடமிருந்து 11-ம் நம்பர் கடிதம் வந்தது. "உன்கிட்ட பேசி ரெண்டு மாசம் ஆச்சு" என்று தொடங்கியிருந்தாள். முந்தின நாள் ராத்திரிதான் அரைமணி நேரம் பேசியிருந்தோம். அவள் சொன்னதில் பொய்யே இல்லை. அந்த அரைமணி நேரத்தில் என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்த்தேன். என்ன குழம்பு, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதா, அங்கே மழையா, அவ்வளவுதான். அந்தக் கடிதத்தில் அவள் தன் அப்பாவைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருந்தாள். மூன்று வருஷம் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தும் எனக்குத் தெரியாத அப்பா.

அன்றைக்கு வைத்துக்கொண்ட ஏற்பாடு இது: கடிதத்தில் எழுதியதைப் போனில் பேசக்கூடாது. கடிதம் வந்தது என்றுகூடச் சொல்லக்கூடாது. பதில் கடிதம்தான் ரசீது. ஒவ்வொன்றிலும் பிள்ளையார் சுழிக்குப் பக்கத்தில் நம்பர் போடுவோம், நடுவில் எது தவறினாலும் தெரிந்துவிடும். ஐந்து வருஷமாக இரண்டு பேரும் மீறியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை 42 வந்தது. 41 வரவில்லை. 42-ல் முதல் வரியே, "41-ல கேட்டதுக்கு நீ என்ன சொல்லுவேன்னு தெரியாம இதுல வேற எதையும் எழுத முடியல" என்று இருக்கிறது. அதற்குக் கீழே கலத்தியா கடற்கரையில் முட்டையிட வந்த பெரிய ஆமையைப் பற்றி ஒரு பக்கம். முதுகில் ஓடு இல்லாமல் தோல் போர்த்தினதுபோல இருக்குமே, அந்த ஆமை. முட்டையிட்டு, மணலை மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் போய்விட்டதாம். அவ்வளவுதான் கடிதம்.

போனில் தினமும் சிரித்துப் பேசுகிறாள். நானும் பேசுகிறேன். 41 வரவில்லை என்று சொல்லிவிடலாமா, இல்லை 43-ல் எழுதிவிட்டுக் காத்திருக்கலாமா? கடிதம் அங்கே போய்ச்சேரப் பத்து நாளும் ஆகும், ஒரு மாசமும் ஆகும். உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?


ரயில்தபால்
11 ஜனவரி, இரவு 11:05

அம்மா, நான் ஆர்.எம்.எஸ்.-ல், அதாவது ரயில் தபால் பிரிவில், கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற சார்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கேட்கலாமா கூடாதா என்பது உங்கள் இருவர் விஷயம், அதில் நான் வரவில்லை. கடிதம் எங்கே போயிருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் விஷயம், 42 முன்னால் வந்துவிட்டது என்பதற்காக 41 தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். தீவிலிருந்து தபால் பை கப்பலிலும் வரும், விமானத்திலும் வரும். நவம்பர், டிசம்பரில் வங்கக் கடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு பை ஒரு வாரம் தங்கிப்போனால் அடுத்த வாரப் பை அதை முந்திவிடும்.

இரண்டாவது, உங்கள் தோழி 8 எப்படி எழுதுவார்? உங்கள் பின்கோடு 628-ல் தொடங்கும். 8-ன் மேல் வயிறோ கீழ் வயிறோ மூடாமல் போனால் அது 3 ஆகிவிடும். 623 ராமநாதபுரம். சார்ட்டிங் கேஸ் என்கிற, சின்னச் சின்ன அறைகள் வைத்த அலமாரி முன்னால் நிற்கிறவன் ஊர்ப் பெயரைப் படிக்க மாட்டான், படிக்க நேரமும் கிடையாது. கண் எண்ணைப் பார்க்கும், கை அந்த அறையில் எறிந்துவிடும். ஓடுகிற ரயிலில், ராத்திரி ரெண்டு மணிக்கு, பெட்டி ஆடும்போது 8-ஐயும் 3-ஐயும் நானே எத்தனையோ தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அப்படித் தவறிப் போனதை அங்கே உள்ளவர்கள் பார்த்துத் திருப்பி விடுவார்கள், ஆனால் நாள் ஆகும்.

மூன்றாவது, உறையின் பின்பக்கம் அனுப்புநர் விலாசம் எழுதுவாரா? எழுதியிருந்தால் எங்கும் போகாது, சுற்றிச் சுற்றி உங்களிடமோ அவரிடமோ வந்தே தீரும். எழுதவில்லை, பெறுநரையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் ஆர்.எல்.ஓ.வுக்கு, அதாவது ரிட்டர்ன்டு லெட்டர் ஆபீஸுக்குப் போகும். பழைய ஆட்கள் டெட் லெட்டர் ஆபீஸ் என்போம். அங்கே மட்டும்தான் உறையைப் பிரித்து, உள்ளே விலாசம் இருக்கிறதா என்று பார்க்க அனுமதி உண்டு.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் அதற்கு முந்தின காலத்து ஆள். ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை புதூர், எத்தனை நல்லூர், எதற்கு எந்த ஸ்டேஷனில் பை இறங்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். விலாசத்தைத் தெளிவாக எழுதுவது முன்பின் தெரியாத பத்துப் பேருக்குச் செய்கிற மரியாதை என்பார்.


மைக்கூடு23
12 ஜனவரி, காலை 7:52

மீனா அக்கா, காத்திருங்க. ப்ளீஸ். ஐந்து வருஷம் காப்பாத்தின ஒரு விஷயம் இந்தக் காலத்துல யார்கிட்ட இருக்கு?

நான் பெங்களூர்ல வேலை பார்க்கிறேன். கல்லூரி முடிச்சதும் எங்க செட் எல்லாம் சிதறிட்டோம். வாட்ஸ்அப் குரூப்ல பதினாலு பேர், தினமும் நூறு மெசேஜ். அதுல ஒருத்தன்கூட "எனக்கு இந்த வேலை பிடிக்கல, பயமா இருக்கு"ன்னு எழுதினது இல்ல. அதுல ஒருத்தன் குவாஹாத்தி போனான். அவனுக்குப் பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டை எழுதினேன், பாதி இடம் மிச்சம் இருந்தது, அதுல என் மனசுல இருந்ததை எழுதிட்டேன். அவன்கிட்ட இருந்து பத்துப் பக்கம் வந்தது! அப்போ ஆரம்பிச்சது.

அதுக்கு முன்னாடி போஸ்ட்கிராஸிங்ல இருந்தேன். 2005 ஜூலைல போர்ச்சுகல்ல பாவ்லோ மகல்யாயிஷ்னு ஒருத்தர் தொடங்கினது. முன்பின் தெரியாத ஒருத்தருக்கு ஒரு அட்டை அனுப்பினா, வேற எங்கேயோ இருந்து வேற ஒருத்தர் நமக்கு அனுப்புவார். பின்லாந்துல இருந்து ஒரு பாட்டி தன் வீட்டு ஜன்னலுக்கு வர்ற பறவைகளைப் பத்தி எழுதினாங்க. அந்த அட்டை இன்னும் என் மேசைல இருக்கு. ஆனா அந்தப் பாட்டிக்கு நான் மறுபடி எழுத மாட்டேன், அவங்களும் எழுத மாட்டாங்க. குவாஹாத்திக்காரன் விஷயம் வேற. அவன் "ற" போடற விதத்தை வச்சே அன்னைக்கு அவன் எந்த மனநிலைல இருந்தான்னு சொல்லிடுவேன்.

ஒரு சந்தேகமும் இருக்கு. டென்மார்க்ல 2025 டிசம்பர் 30-ஓட அரசுத் தபால் நிறுவனம் கடிதம் கொண்டுபோறதையே நிறுத்திடுச்சு. சிவப்புத் தபால் பெட்டியை எல்லாம் கழட்டிட்டாங்க. அதைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல. இங்கேயும் அப்படி ஆகிடுமா?


பனங்கூடல்
12 ஜனவரி, மாலை 4:18

பிள்ளை, உடன கூப்பிடுங்கோ.

நான் யாழ்ப்பாணம், இப்ப ஒஸ்லோவில இருக்கிறன். கடிதத்தின்ர அருமை எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை. தொண்ணூறுகளில எங்களிட்ட எழுதத் தாளே இல்லை. பள்ளிக்கூடக் கொப்பியின்ர நடுப்பக்கத்தைக் கழட்டி எழுதுவம். கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்க பஞ்சை வைச்சு, கொஞ்சமா எண்ணெய் விட்டு, திரியைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில எழுதுறது. கடிதத்தில புகை மணக்கும். ஆரும் பயணம் போனால் அவையின்ர கையில குடுத்துவிடுவம். அவை போய்ச் சேர்ந்தால் கடிதமும் சேரும்.

என்ர சிநேகிதி ஒருத்தி வன்னிக்குள்ள கலியாணம் செய்து போனவ. 2002-ல யாழ்ப்பாணத்தில இருந்து வன்னிக்கூடாப் போற ஏ9 பாதை திறந்த பிறகு ஒழுங்கா எழுதிக்கொண்டிருந்தம். 2006 ஆகஸ்டில பாதை பூட்டினாங்கள். அதுக்குப் பிறகும் ஒன்றிரண்டு வந்தது. கடைசியா வந்ததில "உன்னட்டை ஒண்டு கேக்க வேணும், அடுத்ததில விபரமா எழுதுறன்" எண்டு இருந்தது. நான் அடுத்தது வரட்டும் எண்டு இருந்தன். ஆக்களிட்ட விசாரிச்சிருக்கலாம், வேற வழியில கேட்டிருக்கலாம். கடிதம் வரும்தானே எண்டு இருந்திட்டன். 2009-க்குப் பிறகு கேக்கிறதுக்கு ஆள் இல்லை.

என்ன கேக்க நினைச்சவ எண்டு இப்பவும் யோசிக்கிறனான். சமைச்சுக்கொண்டு நிக்கேக்க திடீரெண்டு ஞாபகம் வரும்.

உங்கட சிநேகிதி ஒண்டு கேட்டிருக்கிறா. மறுமொழி வரேல்லை எண்டு அவ அங்க இருந்து என்னவெல்லாம் நினைப்பா? நீங்கள் வாசிச்சிட்டுப் பேசாமல் இருக்கிறீங்கள் எண்டுதானே நினைப்பா. கூப்பிடுங்கோ.


தேராதுபாய்
12 ஜனவரி, இரவு 10:30

பனங்கூடல் அக்கா சொன்னதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத முடியல. நானும் அக்கா பக்கம்தான்.

ஆனா எனக்கு இன்னொண்ணும் சொல்லணும். கையெழுத்துல வந்தாத்தான் மனசு வரும்கிற மாதிரி எல்லாரும் பேசறீங்க, அது எல்லாருக்கும் பொருந்தாது. நான் 1993-ல துபாய் வந்தேன். எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெருவுல படிச்ச பையன் ஒருத்தன் எழுதித் தருவான். "நலம், நலமறிய ஆவல். இங்கு மழை இல்லை. பணம் கிடைத்தது." எல்லாக் கடிதமும் இதேதான். அடுத்த வீட்டுப் பையன்கிட்ட ஒரு தாய் என்னத்தைச் சொல்லி எழுதச் சொல்வா? நானும் அதே மாதிரிதான் பதில் எழுதுவேன், அதை அந்தப் பையன்தானே சத்தமாப் படிக்கப் போறான்.

அப்புறம் ஊருக்குப் போன ஒருத்தர்கிட்ட டேப் ரெக்கார்டர் வாங்கிக் கொடுத்தனுப்பினேன். எங்கம்மா கேசட்ல பேசி அனுப்பினாங்க. முதல் கேசட்ல பத்து நிமிஷம் ஒண்ணுமே பேசல. ஆடு கத்துற சத்தம், அம்மா மூச்சு விடுற சத்தம் மட்டும்தான். அப்புறம் "ராசா"ன்னு ஒரு வார்த்தை. ரூம்ல நாங்க எட்டுப் பேர், எல்லாருமே அழுதோம். அதுக்கப்புறம் அம்மா எப்படிப் பேசுவாங்கன்னு நினைக்கறீங்க? கதவைச் சாத்திக்கிட்டு, யாரும் இல்லாதப்போ, மனசுல உள்ளது எல்லாம். அப்பா செத்த அன்னைக்கு வீட்டுல என்ன நடந்துச்சுன்னு எனக்கு அந்தக் கேசட்லதான் தெரியும்.

அதனால தாளா குரலாங்கிறது இல்ல, நடுவுல இன்னொரு ஆள் இருக்கக் கூடாது. அதுதான் விஷயம்னு நான் நினைக்கிறேன்.


கரிசல்மீனா
13 ஜனவரி, காலை 6:15

தேராதுபாய் அண்ணன் சொல்வதை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஆச்சிக்கும் தபால்காரர்தான் படித்துக் காட்டுவார். சிலோனில் இருந்த தம்பியிடமிருந்து கடிதம் வந்தால், மூலையில் மஞ்சள் தடவியிருக்கிறதா என்று முதலில் தொட்டுப் பார்ப்பாள். நல்ல சேதிக்கு மஞ்சள், சாவுச் சேதி என்றால் ஓரத்தில் கறுப்பு. எழுத்து தெரியாதவளுக்கு அந்த மூலைதான் தனக்கே தனக்கென்று இருந்த ஒரே வார்த்தை.

ஆனால் நடுவில் ஆள் இல்லாதது மட்டும்தானா என்று யோசிக்கிறேன். போனிலும் எங்களுக்கு நடுவில் யாரும் இல்லை. ஆனாலும் நான் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் அவள் முகம் மாறுவது எனக்குத் தெரிந்துவிடும், உடனே பேச்சை மாற்றிவிடுவேன். அவளும் அப்படித்தான். எழுதும்போது அவள் முகம் என் முன்னால் இல்லை, வாக்கியத்தை முடித்துவிடுகிறேன். அவளும் படிக்கும்போது யாருக்காகவும் முகத்தைச் சரி செய்துகொள்ள வேண்டாம். கேசட்டில் உங்கள் அம்மாவுக்குக் கிடைத்ததும் இதுதானோ?

ரயில்தபால் ஐயாவுக்கு நன்றி. அவள் 8-ஐ இரண்டு சின்ன வட்டமாகப் போடுவாள், மேல் வட்டம் பெரும்பாலும் மூடாது. பின்பக்கம் விலாசம் எழுதுவாள், அது உறுதி. பனங்கூடல் அக்கா, உங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இரண்டு தடவை படித்தேன்.


ஆறுபுள்ளி
13 ஜனவரி, மதியம் 1:47

இந்த இழையைத் திரைவாசிப்பான் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. நானும் என் நண்பனும் இருபது வருஷமாக பிரெயிலில் கடிதம் எழுதிக்கொள்கிறோம். அவன் திருச்சியில், நான் நாகர்கோவிலில். பார்வையற்றோருக்கான பிரெயில் தபாலுக்குத் தபால்தலையே வேண்டாம், ஏழு கிலோ வரைக்கும் சாதாரணத் தபாலில் இலவசம். உறையை ஒட்டிவிடாமல், திறந்து பார்க்க வசதியாக வைத்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

கையெழுத்து என்று எல்லோரும் பேசுகிறீர்கள், பிரெயிலில் கையெழுத்து ஏது என்று சிலர் நினைக்கலாம். உண்டு. நாங்கள் ஸ்லேட் என்கிற, கட்டம் கட்டமான சட்டத்தில் தாளைச் செருகி, ஸ்டைலஸ் என்கிற குத்தூசியால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்துவோம். புள்ளி தாளின் மறுபக்கம்தான் புடைக்கும், அதனால் வலமிருந்து இடமாக எழுத வேண்டும். எழுதி முடித்துத் தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். ஒரு கட்டத்துக்கு அதிகபட்சம் ஆறு புள்ளி. என் நண்பன் ரொம்ப அழுத்திக் குத்துவான், கோபமாக இருந்தால் தாள் ஓட்டையே விழுந்துவிடும். என் தங்கை எனக்கு எழுதினால் புள்ளிகள் மெதுவாக, தூங்குகிற குழந்தையைத் தொட்டதுபோல இருக்கும். உறையில் பெயர் இல்லாவிட்டாலும் முதல் வரியைத் தொட்டதும் யாரென்று சொல்லிவிடுவேன்.

தவறாகக் குத்திய புள்ளியை நகத்தால் அமுக்கிச் சமன் செய்வோம். ஆனால் முழுசாகப் போகாது, விரலுக்கு அந்தத் தழும்பு தெரியும். ஒருமுறை அவன் "நான் நன்றாக இருக்கிறேன்" என்று எழுதியிருந்தான். அதற்கு அடியில் அமுக்கி அழித்த வேறு புள்ளிகள் இருந்தன. மெல்ல மெல்லத் தடவிப் பார்த்தேன். "நன்றாக இல்லை" என்று இருந்தது. அன்றைக்கே பஸ் ஏறித் திருச்சிக்குப் போய்விட்டேன். எங்களுக்குள் நீங்கள் வைத்திருப்பது போல ஏற்பாடு எதுவும் கிடையாது. இருந்திருந்தாலும் போயிருப்பேன்.

மீனா மேடம், அந்த 42-ஐ இன்னொரு தடவை படியுங்கள். அடித்தல் திருத்தல் எங்காவது இருக்கிறதா பாருங்கள்.


பிள்ளையார்முக்கு
14 ஜனவரி, இரவு 8:20

நெல்லை டவுன்காரன் நான். எங்கள் சுடலைமாடன் கோயில் தெருவில் இருந்துகொண்டு விமர்சகர் தி.க.சி. எத்தனை இளம் எழுத்தாளர்களுக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டார்! ஒரு சின்னப் பத்திரிகையில் ஒரு கதை வந்தால் போதும், படித்துவிட்டு அட்டை எழுதிவிடுவார். 2014-ல் அவர் போனபோது ஊர் ஊராக அந்த அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு பேசினார்கள். ஒரு அட்டையில் எவ்வளவு எழுதிவிட முடியும்? ஆனால் அதை வாங்கியவர்கள் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்து இடைசெவல்காரர்கள் எழுத்தாளர்கள் கி.ரா.வும் கு.அழகிரிசாமியும். அழகிரிசாமி ஊரைவிட்டுப் போனதும் நண்பருக்கு எழுதித் தள்ளியிருக்கிறார். அதெல்லாம் நமக்குப் படிக்கக் கிடைக்கிறதென்றால், பெற்றவர் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான். நாம் எழுதியது நம்மிடம் இருக்காது என்பது கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். மீனா டீச்சரின் ஏழு வருஷம் நிக்கோபாரில் ஒரு பெட்டியில் இருக்கிறது.

மைக்கூடு தம்பி கேட்டதற்கு ரயில்தபால் ஐயா பதில் சொல்ல வேண்டும்.


ரயில்தபால்
14 ஜனவரி, இரவு 9:55

தம்பி, டென்மார்க் சின்ன நாடு, அரசாங்கக் காகிதம் முழுக்க கம்ப்யூட்டருக்குப் போய்விட்ட நாடு. அங்கேயும் வேறொரு கம்பெனி கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிறது, முழுசாக நின்றுவிடவில்லை. நம்மிடம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் தபால் நிலையம் இருக்கிறது, அதில் பெரும்பகுதி கிராமத்தில். முதியோர் பென்ஷனும் சேமிப்புக் கணக்கும் இருக்கிற வரை தபால்காரர் வருவார். அவர் வருகிற வரை உங்கள் கடிதமும் வரும்.

ஆனாலும் மாறுகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. தந்தி 2013 ஜூலையோடு முடிந்தது. பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். பெட்டியில் போடுகிறவன் இருந்தால்தான் பெட்டியும் இருக்கும். குவாஹாத்திக்கு மாசம் ஒன்று போடுகிறீர்களே, அதை இரண்டாக்குங்கள்.


மைக்கூடு23
14 ஜனவரி, இரவு 10:10

போடறேன் ஐயா. இன்னைக்கே.

மீனா அக்கா, தீவுக் காற்றுல உப்பும் ஈரமும் இருக்குமே, என்ன மைல எழுதறீங்க? ராயல் ப்ளூ மாதிரி கழுவினா போற மைன்னா தண்ணி பட்டாலே கரைஞ்சிடும். இரும்பு கலந்த மை பாருங்க. நம்ம ஊர்ல கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மசி காய்ச்சுவாங்களே, அதே சமாச்சாரம்தான். எழுதறப்போ வெளிறி இருக்கும், காத்துப் பட்டுக் கறுத்து, தாளோட பிடிச்சுக்கும். பேனாவை மட்டும் அடிக்கடி கழுவிடணும், இல்லன்னா அடைச்சுக்கும்.


கரிசல்மீனா
16 ஜனவரி, இரவு 11:30

ஆறுபுள்ளி சொன்னதைப் படித்துவிட்டு 42-ஐ விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஆமையைப் பற்றிய பக்கத்தில் "திரும்பிப் பார்க்காமல்" என்ற வார்த்தைக்கு முன்னால் ஒரு வரி அடித்திருக்கிறாள். சும்மா ஒரு கோடு போட்டு அடிக்கவில்லை, எழுத்தே தெரியாதபடி சுருள் சுருளாக அடித்திருக்கிறாள். அவள் அப்படி அடிக்கிறவளே இல்லை.

கூப்பிட்டுவிட்டேன். இன்றைக்கு மாட்டுப் பொங்கல், அவள் லீவில் இருந்தாள். முதலில் வழக்கம் போலப் பேசினோம். அப்புறம் சொன்னேன். "41 வரலடி." இவ்வளவுதான் சொன்னேன்.

அவள் ஒன்றுமே பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு ஒரு பெரிய மூச்சு. "வரலையா" என்றாள். "நான் நீ படிச்சிட்டேன்னு நினைச்சேன். ஒரு மாசமா நினைச்சுக்கிட்டு இருக்கேன்." பனங்கூடல் அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே.

என்ன கேட்டிருந்தாய், இப்போதே சொல் என்றேன். மாட்டேன் என்றாள். "போன்ல சொன்னா நீ உடனே பதில் சொல்லிருவே. எனக்கு நீ யோசிச்சுச் சொல்லணும். மறுபடி எழுதறேன்."


பனங்கூடல்
17 ஜனவரி, காலை 5:02

நல்ல காரியம் செய்தீங்கள் பிள்ளை. இனி அவ எழுதட்டும், நீங்கள் இருங்கோ. இந்தக் காத்திருப்பு வேற மாதிரி.


தேராதுபாய்
17 ஜனவரி, காலை 9:44

அவங்க சொன்னது சரி. நீங்க படிச்சுட்டீங்களா இல்லையான்னு தெரியாமத்தான் தவிச்சிருக்காங்க. இப்போ அது தீர்ந்துச்சு.


கரிசல்மீனா
19 பிப்ரவரி, மாலை 6:40

இன்றைக்கு வந்தது. மதிய இடைவேளையில் தபால்காரர் பள்ளிக்கே கொண்டுவந்து கொடுத்தார். உறை ஒரு ஓரம் நனைந்து காய்ந்து முறுகிப்போயிருந்தது. பிரிக்காமல் மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு இரண்டு வகுப்பு எடுத்தேன். என்ன நடத்தினேன் என்று எனக்கே நினைவில்லை.

வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, காபி போட்டு, கொல்லைப்புற வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பிரித்தேன். மேலே 41-அ என்று நம்பர். ஒன்பது பக்கம். பென்சிலில் எழுதியிருக்கிறாள். பேனா மை ஈரத்தில் போய்விட்டால் மூன்றாவது தடவை எழுத மனசு வராது என்று முதல் பக்க ஓரத்திலேயே காரணம் சொல்லியிருக்கிறாள். 8 எல்லாம் இரண்டு வட்டமும் மூடி, அச்சடித்த மாதிரி இருக்கிறது. போனில் நான் 8-ஐப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவளே யோசித்திருக்கிறாள்.

என்ன கேட்டிருக்கிறாள் என்று இங்கே சொல்ல முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள். நாலாவது பக்கத்தில் நிறுத்தி, கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னது சரிதான். போனில் கேட்டிருந்தால் "அதெல்லாம் வேண்டாம்டி" என்று அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன்.

கடைசிப் பக்கத்தின் பின்புறம் தனியாக ஒரு வரி. "பழைய 41 எப்பவாச்சும் வந்தா பிரிக்காதே. அப்படியே எனக்குத் திருப்பி அனுப்பு. அதை எழுதினப்போ நான் வேற மாதிரி இருந்தேன்."

அது இன்னும் வரவில்லை. வந்தால் பிரிக்க மாட்டேன். ரயில்தபால் ஐயா, பிரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்ப எப்படி எழுத வேண்டும்? மேலே ஏதாவது குறிக்க வேண்டுமா?


ரயில்தபால்
19 பிப்ரவரி, இரவு 8:25

வந்த உறை மேலே எதையும் எழுதாதீர்கள், அம்மா. அதில் அவர் ஊர் முத்திரை, வழியில் விழுந்த முத்திரை எல்லாம் இருக்கும், 41 எங்கெல்லாம் சுற்றியது என்று அவருக்கும் பார்க்கத் தோன்றும். அதைவிடக் கொஞ்சம் பெரிய உறை வாங்கி, இதை உள்ளே வைத்து, புதிதாகத் தபால்தலை ஒட்டுங்கள். எடை கூடும், கவுன்ட்டரில் ஒருதரம் போட்டுப் பார்த்துவிடுங்கள். பின்பக்கம் உங்கள் விலாசத்தை மறக்க வேண்டாம். அவர் பின்கோடு 744-ல் தொடங்கும், அந்த 7-க்கு நடுவே ஒரு சின்னக் குறுக்குக் கோடு போடுங்கள். 1 என்று படித்தால் ஜலந்தர் பக்கம் போய்விடும்.